முதற் படியிலேயே நிறுத்துவதா?

நம் வீட்டுப் பெண் பிரசவ வேதனையில் துடிக்கும்போது, "பெண் நர்ஸ் இருக்கிறாரா?" என்றே முதலில் கேட்கிறோம். நம் மகள், "நர்ஸிங் படிக்கிறேன், வாப்பா" என்றாலோ முகம் சுளிக்கிறோம். பிறர் பெற்ற மகள் நம் மானங் காக்க வேண்டும். நம் மகள் மட்டும் எவர்க்கும் பணிசெய்யலாகாது! இஃது என்ன நியாயம்?

அகழ்ப் போரில் அம்பு தைத்துக் காயமுற்ற ஸஅது இப்னு முஆது (ரலி) அவர்களை, ருபைதா (ரலி) என்னும் மாதரசியின் கூடாரத்தில் சேர்க்குமாறு பணித்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே. மேடையில் இவ்வரலாற்றை முழங்கும் நாம், வீட்டுப் படியேறியதும் மறந்துவிடுகிறோம்.

துணிந்து படிக்க வைப்போரும் உளர், அவர்களைப் போற்றுவோம். ஆயின் அவர்களிலும் பலர், சான்றிதழ் கைக்கு வந்ததும் "இது போதும்" என்று மகளின் ஏட்டை மூடிவிடுகின்றனர். மருத்துவர் ஏவியதைச் செய்வதோடு இத்தொழில் முடிந்துவிடுகிறது என்பது அவர்தம் எண்ணம். எத்துணை அறியாமை!

மூன்றாண்டுப் பட்டயம் பெற்றவள் மேலும் ஈராண்டு பயின்று பட்டதாரியாகலாம். வேலூரில் 1946-லேயே செவிலியர்க்குப் பட்டப் படிப்பு தொடங்கிவிட்டதே! எம்.எஸ்ஸி.யில் மருத்துவ - அறுவைச் சிகிச்சை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம், சமுதாய நலம் என ஐந்து துறைகள் அவளுக்குத் திறந்திருக்கின்றன. தீவிர சிகிச்சை, பச்சிளங் குழந்தைப் பராமரிப்பு, புற்றுநோய், அறுவை அரங்கு ஆகியவற்றுக்கு ஓராண்டுச் சிறப்புப் பயிற்சிகளும் உண்டு. கல்லூரி ஆசிரியையாகலாம், முனைவர் பட்டமும் பெறலாம்.

இவை வெறும் பட்டங்களல்ல. குறைமாதத்தில் பிறந்த சிசுவின் மூச்சு தடுமாறுவதை முதலில் காண்பவள், அருகிருக்கும் செவிலியே. அவள் கற்ற கல்வியே அங்கே உயிர் காக்கிறது. மனநோயை நான்கு சுவர்களுக்குள் மறைத்து வைக்கும் நம் குடும்பங்களுக்கு, நம் வழக்கமறிந்த மனநலச் செவிலி ஒருத்தி கிடைத்தால் அஃது எத்துணைப் பெரும் ஆறுதல்!

"இரவுப் பணியாயிற்றே!" என்பர். பிரசவ வலி பகல் பார்த்தா வருகிறது? பாதுகாப்பான விடுதியையும் போக்குவரத்தையும் கேட்டுப் பெறுவோம். அச்சத்தைக் காட்டி மகளை வீட்டில் பூட்ட வேண்டாம். அன்றியும், கற்பிக்கும் பணி பெரும்பாலும் பகற் பணியே. அங்கே சேர்வதற்கும் மேற்படிப்பே வழி.

பெற்றோரே! "நிக்காஹ்வுக்குப் பின் வேலையை விடுவாளா?" என்று மாப்பிள்ளை வீட்டார் வினவினால், தலைகுனிய வேண்டாம். "மேற்கொண்டு படிக்க வைப்பீர்களா?" என்று நிமிர்ந்து கேளுங்கள்!