கைதட்டல் யாருக்கு?

வங்கியைக் கொள்ளையிட வந்தவனைக் கண்டு மக்கள் கைதட்டுகிறார்கள். வங்கியைக் காக்க வந்த பொலிசாரைக் கண்டு ஒருவரும் கைதட்டவில்லை. இஃதென்ன விந்தை? நாட்டிலே நீதி தலைகீழாகிவிட்டதா? அன்றி, எந்த நீதிமன்றத்திலும் பதியப்படாத ஏதோவொரு வழக்கு, படமாளிகையின் இருளிலே தானே எழுந்து வாய்திறந்து பேசிற்றா?

2023ஆம் ஆண்டு சனவரி 11ஆம் நாள், பொங்கலை முன்னிட்டு வெளிவந்த “துணிவு” என்னும் திரைப்படத்தைப் பற்றியே பேசுகின்றோம். எச். வினோத் இயக்கியது. அஜித் குமார் கதாநாயகன். மஞ்சு வாரியர் அவருக்குத் துணைநின்று தாமும் துப்பாக்கி ஏந்துகிறார். சமுத்திரக்கனி பொலிஸ் ஆணையாளர். சென்னையிலே ஒரு வங்கியைக் கொள்ளையிட ஒரு கூட்டம் நுழைகிறது. அங்கே அக்கூட்டத்துக்கும் மேலான ஒருவன் முன்னரே இருக்கிறான். கொள்ளையன் யார் என்ற கேள்வியோடு தொடங்கும் கதை, வங்கியின் சொல்லை நம்பிச் சேமிப்பை முதலீட்டுத் திட்டத்திலே போட்டு அழிந்த எளிய மக்களின் கதையாக மாறுகிறது. அதன் முடிவை எழுதி, இன்னும் பாராதவரின் இன்பத்தைக் கெடுக்க நாம் விரும்பவில்லை. ஆண்டுகள் சில சென்ற பின்னும் கைத்தொலைபேசியிலே அப்படத்தைத் தேடிப் பார்ப்போர் எம் மண்ணில் உளர். ஆதலின் அதைப்பற்றி இன்று பேசுவது காலங்கடந்த பேச்சாகாது.

பூவரசங்குளத்திலே படமாளிகை இல்லை. மன்னார் வீதி வழியே வவுனியா நகருக்குச் செல்லவேண்டும். அந்தப் பொங்கல் எத்தகைய பொங்கல் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். 2022ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம், வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென நாடு கைவிரித்து ஒன்பது மாதமே சென்றிருந்தது. 2021இல் இரசாயன உரத்துக்கு இடப்பட்ட தடையால் விழுந்த கமக்காரன் இன்னும் நிமிரவில்லை. பெற்றோல் பங்கீட்டில் கிடைத்தது. அப்பங்கீட்டிலே மிச்சம் பிடித்து எம் இளைஞர் படம் பார்க்கச் சென்றனர். திரும்பி வந்து சந்தித் தேநீர்க்கடையிலே பல நாள் வாதாடினர். அந்த வாதங்களை நாம் செவிமடுத்தோம். சாட்சியங்களைப் பகுத்துப் பார்ப்பது எமது தொழில். எனவே அவற்றை வாசகர் முன்னே ஒவ்வொன்றாக வைக்கின்றோம்.

முதலாவது சாட்சி இளைஞர். “முதற் பாதியிலே மூச்சுவிட நேரமில்லை” என்றார்கள். துப்பாக்கி வெடிகளையும், நாயகனின் நடனத்தையும், வில்லனைப்போல் அவர் சிரிக்கும் சிரிப்பையும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்கள். 2011இல் வந்த “மங்காத்தா”வின் அஜித் மீண்டுவிட்டார் என்பது அவர்கள் தீர்ப்பு. இந்த மகிழ்ச்சியை நாம் பழிக்கவில்லை. நாள் முழுதும் வயலிலும் மேசன் வேலையிலும் முறிந்த உடலுக்கு இரண்டரை மணி நேரக் களிப்பு குற்றமாகாது.

இரண்டாவது சாட்சியும் இளைஞரே. ஆயின் குறைசொல்பவர். “பிற்பாதியிலே போதனை மிகுந்துவிட்டது. படம் பார்க்கப் போனோமா, வங்கிக் கணக்கு வகுப்புக்குப் போனோமா?” என்று கேட்டனர். அத்தனை பொலிசார் சூழ்ந்து நிற்க ஒருவன் இப்படியெல்லாம் செய்யமுடியுமா என்றும் கேட்டனர். நியாயமான கேள்வி. “மங்காத்தா”வுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதிலே பந்தயப் பணம் ஐந்நூறு கோடியைக் கவர நினைக்கும் எல்லாரும் கள்ளர். எவனுக்காகவும் எவரும் கண்ணீர் சிந்தவேண்டியதில்லை. “துணிவு” அப்படி ஒதுங்கிக்கொள்ளவில்லை. வேட்டுக்கும் வேட்டுக்கும் இடையே ஒரு விளக்கத்தைப் புகுத்த முயன்றது. அதனாற் கலை சற்றுத் தளர்ந்தது என்போருடன் நாம் வழக்காடப் போவதில்லை.

மூன்றாவது சாட்சி பெரியவர் ஒருவர். “களவைப் புகழும் படங்களைத் தடைசெய்யவேண்டும்” என்றார் அவர். ஐயா அவர்களுக்கு நாம் பணிவுடன் கூறுவது இது: கள்ளனைக் கதாநாயகனாக்கியது இன்றைய சினிமா அன்று. 1954இல் எம்.ஜி.ஆர். நடித்த “மலைக்கள்ளன்” வந்தபோது தாங்களும் தங்கள் தந்தையாரும் கைதட்டிய காலம் உண்டு. அது நாமக்கல் கவிஞரின் நாவல். சிங்கள மக்களோ, 1864இல் கண்டியிலே தூக்கிலிடப்பட்ட உத்துவன்கந்தைச் சரதியேலை இன்றும் கதையாகச் சொல்கின்றனர். சட்டம் எளியவனைக் கைவிட்ட இடத்திலெல்லாம் சட்டத்தை மீறியவனைப் பற்றிய கதை முளைக்கிறது. கதையைத் தடைசெய்வதால் அது முளைத்த நிலம் மாறிவிடாது.

ஆயினும் அப்பெரியவரின் அச்சத்தை முற்றாகத் தள்ளிவிட எம்மால் இயலாது. அதற்குக் காரணம் நான்காவது சாட்சி.

நான்காவது சாட்சி ஒரு தாய். மகனின் வற்புறுத்தலுக்காகச் சென்றவர். துப்பாக்கி வெடிக்கும்போதெல்லாம் அருகிலிருந்த மகன் விசிலடித்தான். அவரோ காதைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். 2009ஆம் ஆண்டு அவர் முள்ளிவாய்க்கால் வழியே வந்து, பூவரசங்குளத்துக்கு அணித்தாகச் செட்டிகுளத்து மெனிக் பாமிலே முள்வேலிக்குள் இருந்தவர். மகன் அதன்பின் பிறந்தவன். துப்பாக்கியின் ஓசையைத் திரையிலே மாத்திரம் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று இன்று எம்மிடையே உண்டு. அவர்கள் அப்படி வளர்ந்ததற்கு நாம் மகிழ்கின்றோம். அது என்றும் அவ்வாறே இருக்கவேண்டும் என்பதே எமது வேண்டுதல். ஆதலின் கேள்விக்குக் கைதட்டுங்கள், துப்பாக்கிக்குக் கைதட்டாதீர்கள் என்று இளைஞரிடம் சொல்ல எமக்கு உரிமையுண்டு.

அந்தத் தாய் படத்தைப்பற்றி வேறொன்றும் சொன்னார். அதுவே இக்கட்டுரையை எழுதவைத்தது. பொங்கல் கழிந்து சில நாளில் எம்மிடம் வந்து, பொலித்தீன் பையொன்றிலிருந்து மடித்த கடதாசிக் கட்டை எடுத்து மேசையில் வைத்தார். “ஐயா, அந்தப் படத்திலை வாறமாதிரி, இதிலை என்ன எழுதியிருக்கெண்டு ஆராவது எனக்கு வாசிச்சுச் சொல்லுவினமோ?” என்று கேட்டார்.

நாம் வாசித்தோம். அது கடன் ஒப்பந்தம். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதவேண்டியது ஒரு பெயரை அன்று, ஒரு முறையை. ஆங்கிலத்திலே அச்சிட்ட ஆறு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அவருடைய கையொப்பம். அவர் தமிழ் மாத்திரமே வாசிக்கத் தெரிந்தவர். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. ஒருத்தி தவறினால் மற்ற நால்வர் கட்டவேண்டும். எனவே வசூலிக்க வருபவன் அதட்டவேண்டியதில்லை. அயலவளே அயலவளை அதட்டுவாள்.

வட்டி எவ்வளவு என்று கேட்டோம். “நூற்றுக்கு இருபத்துநாலு” என்றார். அவருக்குச் சொல்லப்பட்டது அவ்வளவே. கணக்கைப் பாருங்கள். 50,000 ரூபா கடன். ஆண்டுக்கு 12,000 ரூபா வட்டி. மொத்தம் 62,000 ரூபாவை 52 வாரங்களிற் கட்டவேண்டும், வாரம் 1,192 ரூபாவாக. பார்வைக்கு 24 சதவீதந்தான். ஆனால் முதல் வாரத்திலிருந்தே முதலும் குறைந்துகொண்டு போகிறது. வட்டியோ குறையாத முதலுக்குக் கணக்கிடப்பட்டது. ஆண்டு முழுதும் சராசரியாக அவர் கையில் இருந்தது பாதிப் பணமே. உண்மையான வட்டி ஏறத்தாழ 44 சதவீதம்! இதைச் சொன்னதும் அத்தாய் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “அப்ப படத்திலை காட்டினது சரிதான்” என்றார்.

கொள்ளைக்கும் இதற்கும் சட்டத்திலே என்ன வேறுபாடு? 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையைத் திறந்து பாருங்கள். கொள்ளைக்குப் பத்தாண்டு வரை கடூழியச் சிறை. வஞ்சித்துப் பொருள் பெற்றவனுக்கு ஏழாண்டு வரை சிறை. ஆனால் வஞ்சனையை எண்பிக்கவேண்டும். அங்கேதான் கையொப்பம் குறுக்கே நிற்கிறது. கையொப்பமிட்டவன் அதற்குக் கட்டுப்பட்டவன் என்பது எம் நீதிமன்றங்கள் நெடுங்காலமாய்ப் பின்பற்றும் விதி. முகமூடி அணிந்து வந்தவனுக்குச் சட்டம் எதிரி. ஒப்பந்தத்தோடு வந்தவனுக்கு அது அரண்.

பெரிய இடங்களின் கதை இதனினும் பெரிது. 2008ஆம் ஆண்டு முடிவிலே “கோல்டன் கீ” நிறுவனம் வீழ்ந்தபோது ஏறத்தாழ 9,000 வைப்பாளர்களின் பணம் அதனுள்ளே அகப்பட்டது. அத்தொகை 2,600 கோடி ரூபா அளவினது. 2015ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் நாள் மத்திய வங்கி 100 கோடி ரூபாவுக்குப் பிணைமுறி ஏலம் அழைத்து, 1,000 கோடி ரூபாவுக்கு மேல் ஏற்றுக்கொண்டது. அதனை ஆராய சனாதிபதி ஆணைக்குழு அமைக்க நேர்ந்தது. அங்கெல்லாம் ஒரு வேட்டாவது வெடித்ததா? ஒரு கண்ணாடியாவது உடைந்ததா? இல்லை. படமாளிகைக்கு வெளியே நடக்கும் பெருங்கொள்ளைக்குப் பின்னணி இசை கிடையாது.

அப்படியாயின் வழி என்ன? சட்டத்துக்குள்ளேயே உண்டு. பாதி வழியை முன்னோர் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

ஒரு பரப்புக் காணியை விற்கவேண்டுமாயின், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரு சாட்சிகளும் வேண்டும். 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டமோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. உறுதி முடிப்பவர் வாசிக்க இயலாதவராயின், சாட்சிகள் முன்னிலையில் அதை வாசித்து விளக்கிய பின்னரே கையொப்பம் பெறவேண்டும் என்கிறது. ஏன்? காணி போனால் குடும்பம் போகும் என்பதை அன்றைய ஆட்சியாளரும் அறிந்திருந்தனர். இன்று காணி உறுதியாற் போவதிலும், கடனாற் போவதன்றோ மிகுதி? அந்தக் கடன் ஒப்பந்தத்தை மாத்திரம் ஏன் வேலியோரத்திலே, ஒருவரும் வாசிக்காமல், பத்து நிமிடத்திற் கையொப்பமிடச் செய்கிறார்கள்?

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது. வட்டிக்கு 35 சதவீத வரம்பும் பேசப்பட்டது. 2023இல் மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளை வெளியிட்டது. ஆயினும் கொழும்பிலே வர்த்தமானியில் அச்சாகும் விதி, பூவரசங்குளத்து வேலியோரத்துக்கு நடந்து வருவதில்லை. அதை நாமே அழைத்துவரவேண்டும்.

சிங்களக் கிராமத்துப் பெண்கள் எமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். 2021ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையிலே, நுண்கடனால் வாடிய பெண்கள் சத்தியாக்கிரகத்தில் அமர்ந்தனர். ஐம்பது நாட்களுக்கு மேல் அமர்ந்திருந்தனர். அவர்களிடம் துப்பாக்கி இருக்கவில்லை, கதாநாயகனும் இருக்கவில்லை. கடன் வாங்கியவள் வெட்கப்பட்டு ஒளிந்திருக்கும் நாட்டிலே, “இது எங்கள் குற்றமன்று” என்று பகிரங்கமாகக் கூறிய அத்துணிவு, எந்தத் திரைத் துணிவுக்கும் இளைத்ததன்று.

எமது கோரிக்கைகள் மூன்று. ஒன்று: காணி உறுதிக்கு உள்ள காப்பு கடன் ஒப்பந்தத்துக்கும் வேண்டும். கடன் பெறுபவரின் தாய்மொழியிலே, சாட்சிகள் முன்னிலையில் வாசித்து விளக்காத ஒப்பந்தம் செல்லாது எனச் சட்டம் செய்யப்படல் வேண்டும். இரண்டு: உண்மையான ஆண்டு வட்டியையும், கட்டி முடிக்கும் மொத்தத் தொகையையும் முதற் பக்கத்திலே பெரிய எழுத்தில் எழுதவேண்டும். மூன்று: சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் கிராமந்தோறும் மீண்டும் உயிர்பெறவேண்டும். அவற்றுக்கு அரசு முதல் வழங்கவேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கவேண்டுமா? வேண்டியதில்லை. கையொப்பமிடுமுன் பிரதி கேளுங்கள். தர மறுத்தால் கையொப்பத்தை மறுங்கள். மாதர் சங்கம் கூடும் நாளிலே ஒருவர் ஒப்பந்தத்தை உரக்க வாசிக்கட்டும். படித்த பிள்ளைகள் வாரக் கணக்கைப் போட்டுக் காட்டட்டும். படத்தின் பிற்பாதி வங்கிக் கணக்கு வகுப்பு என்று குறைசொன்ன தம்பியரே, அந்த வகுப்பை உங்கள் தாய்மாருக்கு நடத்த உங்களால் முடியும்!

எமது தொழிலாரையும் நாம் விட்டுவிடவில்லை. அத்தாயின் ஒப்பந்தத்தை வரைந்தவரும் சட்டம் படித்தவரே. அதை வாசித்துச் சொல்ல ஒரு சட்டத்தரணியைத் தேடி அவர் பஸ்ஸேறி வரவேண்டியிருந்தது எமக்கு வெட்கம். மாதம் ஒரு ஞாயிறு, கட்டணமின்றி, குளத்தடிக் கிராமங்களுக்குச் சட்டத்தரணிகள் செல்வதாயின் நாம் முதலாவதாகப் பெயர் கொடுக்கின்றோம்.

அந்தத் தாய் திரையிலே கைதட்டியது கொள்ளையனுக்கன்று. தமக்காக ஒருவன் அந்தக் கடதாசியை வாசித்துச் சொன்னான் என்பதற்கே கைதட்டினார். வாசித்துச் சொல்ல முகமூடி எதற்கு? துப்பாக்கி எதற்கு? தமிழ் வாசிக்கத் தெரிந்தவரும் கணக்குப் போடத் தெரிந்தவரும் ஊருக்கு ஒருவர் போதாதா?