நிரல் எழுதுவது இயந்திரம், பொறுப்பு யாருக்கு?

கணினி நிரல் எழுதுவோர் ஒரு வரியைத் தட்டச்சு செய்து முடிப்பதற்குள், அடுத்து வரவேண்டிய பத்து வரிகளைத் தானே எழுதிக் காட்டும் கருவிகள் இன்று மென்பொருள் துறையில் பரவலாகப் புழக்கத்துக்கு வந்துவிட்டன. மைக்ரோசாஃப்டுக்குச் சொந்தமான கிட்ஹப் நிறுவனம் 2021 ஜூன் மாதம் 'கோபைலட்' என்ற பெயரில் இத்தகைய கருவியைச் சோதனை முறையில் வெளியிட்டது. மறு ஆண்டு ஜூன் மாதம் மாதம் 10 டாலர் கட்டணத்தில் அது எல்லோருக்கும் விற்பனைக்கு வந்தது. அன்று முதல் நிரலாளர்களிடையே எழுந்த வியப்பு, ஐயம், கோபம் ஆகிய மூன்றும் இன்றளவும் தணியவில்லை. இது ஏதோ கலிபோர்னியாவில் நடக்கும் விவாதம் என்று நாம் ஒதுங்கி நிற்க இயலாது. நாஸ்காம் கணக்குப்படி, 2024-25 நிதியாண்டில் இந்தியத் தகவல் தொழில்நுட்பத் துறையில் பணியாற்றியோர் சுமார் 58 லட்சம் பேர்.

தலைநகரின் மேற்கே உள்ள ஜனக்புரியையே எடுத்துக்கொள்வோம். மத்திய அரசுப் பணிக்காகத் தில்லி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இப்பகுதியில் வேரூன்றின. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இங்குதான் இயங்குகிறது. அமைச்சகங்களில் எழுத்தராகவும் சுருக்கெழுத்தராகவும் பணியாற்றிய தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பொறியியல் படித்துக் கணினித் துறையை நாடினர். ஜனக்புரி மேற்கு மெட்ரோ நிலையத்தில் நீல நிறத் தடமும் 2018 மே மாதம் திறக்கப்பட்ட மெஜந்தா தடமும் சந்திக்கின்றன. காலையில் அங்கிருந்து நொய்டாவுக்கும் குருகிராமுக்கும் புறப்படும் இளைஞர்களில் நிரல் எழுதிப் பிழைப்போர் கணிசமானோர். மாவட்ட வணிக மையத்தைச் சுற்றியுள்ள பயிற்சி நிலையங்களில் பணம் கட்டிக் கணினி மொழி கற்போரும் அதே கனவோடுதான் வருகின்றனர். அவர்கள் கற்கும் தொடக்கநிலை வேலையைத்தான் இக்கருவி முதலில் செய்யத் தொடங்கியிருக்கிறது.

முதலில் வியப்பைப் பார்ப்போம். நிரலாளர் எழுதிக்கொண்டிருக்கும் கோப்பையும் அதற்கு அண்டைக் கோப்புகளையும் படித்து, அடுத்து என்ன வரக்கூடும் என்று கணித்துத் தருவதே இக்கருவியின் வேலை. மீண்டும் மீண்டும் எழுத வேண்டிய சலிப்பூட்டும் பகுதிகளை அது நொடிகளில் முடித்துத் தருகிறது. கிட்ஹப் தரப்பினர் 95 நிரலாளர்களைக் கொண்டு நடத்திய ஆய்வில், கருவி இல்லாதவர்கள் சராசரியாக 2 மணி 41 நிமிடத்தில் முடித்த ஒரு பணியைக் கருவி வைத்திருந்தவர்கள் 1 மணி 11 நிமிடத்தில் முடித்தனர். கூகுள் நிறுவனத்தில் புதிதாக எழுதப்படும் நிரலில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் செயற்கை நுண்ணறிவு உருவாக்குவதாகவும், அதைப் பொறியாளர்கள் சரிபார்த்து ஏற்பதாகவும் அதன் தலைவர் சுந்தர் பிச்சை 2024 அக்டோபரில் அறிவித்தார்.

அடுத்தது ஐயம். விற்பவர் நடத்தும் ஆய்வு விற்பவருக்குச் சாதகமாக இருப்பதில் வியப்பில்லை. 'மீட்டர்' என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு 2025 ஜூலையில் வெளியிட்ட முடிவு வேறு விதமாக இருந்தது. அனுபவமிக்க 16 நிரலாளர்கள், தங்களுக்கு நன்கு பழக்கமான திட்டங்களில் 246 பணிகளைச் செய்தனர். கருவியைப் பயன்படுத்தினால் 24 சதவீத நேரம் மிச்சமாகும் என்று அவர்கள் எதிர்பார்த்தனர். உண்மையில் 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், பணி முடிந்த பிறகும் தங்களுக்கு 20 சதவீத நேரம் மிச்சமானதாகவே அவர்கள் நம்பினர். பதினாறு பேரைக் கொண்ட ஆய்வு முடிந்த முடிவாகாது என்பது உண்மையே. ஆனால், வேகமாக வேலை நடப்பது போன்ற உணர்வை நம்பி ஆளெடுப்பையும் காலக்கெடுவையும் நிறுவனங்கள் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான எச்சரிக்கை.

பாதுகாப்பு பற்றிய ஐயமும் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் கோபைலட்டைக் கொண்டு 1,689 நிரல்களை எழுதச் செய்து சோதித்தபோது, அவற்றில் சுமார் 40 சதவீத நிரல்களில் ஊடுருவலுக்கு இடம் தரும் ஓட்டைகள் இருந்தன. கருவிகள் அதன்பின் மேம்பட்டிருக்கின்றன. ஆயினும் நம்பிக்கை வளரவில்லை. நிரலாளர்களின் புகழ்பெற்ற கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2025-இல் நடத்திய கணக்கெடுப்பில், 84 சதவீதத்தினர் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவதாகவோ பயன்படுத்தப்போவதாகவோ கூறினர். அவற்றின் விடைகளைச் சரியென்று நம்புவோர் 33 சதவீதம். நம்பாதோர் 46 சதவீதம். ஏறத்தாழச் சரியாகவும், ஆனால் முழுமையாகச் சரியில்லாமலும் வரும் விடைதான் பெரும் தலைவலி என்று மூன்றில் இரு பங்கினர் குறிப்பிட்டனர். முற்றிலும் தவறான விடை உடனே பிடிபட்டுவிடும். முக்கால் பங்கு சரியான விடைதான் கண்ணில் படாமல் உள்ளே புகுந்துவிடும் என்பது தணிக்கைத் துறையில் பணியாற்றிய எவருக்கும் தெரிந்த செய்தி.

மூன்றாவது, கோபம். கிட்ஹப் தளத்தில் பொதுவில் வைக்கப்பட்டிருந்த நிரல்களைக் கொண்டே இக்கருவிக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அந்நிரல்களில் பெரும்பகுதி உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் ஊதியமின்றி எழுதியவை. கட்டற்ற மென்பொருளுக்கும் உரிம விதிகள் உண்டு. எழுதியவர் பெயரையும் உரிம வாசகத்தையும் நீக்கக் கூடாது என்கின்றன சில உரிமங்கள். இதிலிருந்து உருவாகும் மென்பொருளையும் இதே உரிமத்தில்தான் பகிர வேண்டும் என்கின்றன வேறு சில. கருவி தரும் வரிகளில் பெயரும் இல்லை, உரிமமும் இல்லை என்பதே குற்றச்சாட்டு. இதன் பேரில் 2022 நவம்பரில் நிரலாளர்கள் சிலர் கலிபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவர்களது கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீதிபதி 2024-இல் தள்ளுபடி செய்தாலும், உரிம ஒப்பந்த மீறல் பற்றிய கோரிக்கையை நிலுவையில் வைத்தார். தமிழில் தட்டச்சு செய்ய எ-கலப்பை போன்ற மென்பொருள்களை இலவசமாக ஆக்கித் தந்த தன்னார்வலர்களின் உழைப்பை அறிந்த நமக்கு, இந்தக் கோபத்தின் நியாயத்தை விளக்கத் தேவையில்லை. அவர்கள் கேட்டது காசு இல்லை. பெயரும், பகிரும் நெறியும்தான்.

இவ்விடத்தில் மத்திய அரசின் அணுகுமுறையைக் கவனிக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவும் பதிப்புரிமையும் குறித்து ஆராயத் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை அமைத்த குழு, 2025 டிசம்பரில் தன் ஆய்வறிக்கையை வெளியிட்டது. படைப்புகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள நிறுவனங்களுக்குக் கட்டாய உரிமம் வழங்கி, படைப்பாளிகளுக்கு உரிமத்தொகை பெற்றுத் தரலாம் என்பது அதன் பரிந்துரை. எழுத்தாளருக்கும் இசையமைப்பாளருக்கும் இது ஓரளவு பொருந்தக்கூடும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பாகவே கருதுகிறது. ஆனால், பணமே கேட்காத கட்டற்ற மென்பொருள் எழுத்தாளருக்கு உரிமத்தொகை எப்படி நிவாரணமாகும்? அவர் விதித்த நிபந்தனையைக் காற்றில் பறக்கவிட்டு, கேட்காத சில்லறையைக் கையில் திணிப்பதாகவே அது முடியும். சட்டம் இயற்றப்படும்போது நிரல்களுக்கெனத் தனி விதி வேண்டும்.

உரிமையைக் காட்டிலும் நம் இளைஞர்களை வாட்டுவது வேலை பற்றிய கவலை. டி.சி.எஸ். நிறுவனம் தன் ஊழியர்களில் 2 சதவீதத்தினரை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக 2025 ஜூலையில் அறிவித்தது. இதற்குக் காரணம் செயற்கை நுண்ணறிவு அல்ல, திறன் பொருத்தமின்மையே என்று அதன் தலைமைச் செயல் அதிகாரி கே. கிருத்திவாசன் விளக்கினார். அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், வேறொரு கேள்வி எஞ்சுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 22 முதல் 25 வயதுவரையுள்ள மென்பொருளாளர்களின் வேலைவாய்ப்பு, 2022 இறுதியில் இருந்த உச்சத்திலிருந்து ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்துவிட்டது. மூத்தவர்களுக்கு அத்தகைய சரிவு இல்லை. உள்ளே இருப்பவரை வெளியேற்றுவதற்கு முன், புதியவரை உள்ளே விடாமல் கதவு சாத்தப்படுகிறது என்பதே இதன் பொருள்.

நம் தொழிலாளர் சட்டம் இந்தக் கதவைக் காவல் காக்கவில்லை. ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய புதிய உத்தியைப் புகுத்துமுன் தொழிலாளர்களுக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்த விதி. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்திலும் அது தொடர்கிறது. தொழில்நுட்ப வேலை செய்வோரும் 'தொழிலாளர்' என்ற வரையறைக்குள் வருவர். மேலாண்மைப் பணியினர் விலக்கு. தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்பதைத் தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. ஆனால், இந்த விதிகளெல்லாம் வேலையில் இருப்பவருக்கு மட்டுமே. இதுவரை வேலையில் சேராத ஜனக்புரி மாணவனை எந்த விதியும் அறியாது.

கணினியை எதிர்த்துப் பார்த்த நாடுதான் இது. அறுபதுகளில் கொல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள் கணினியை அலுவலகத்துக்குள் நுழையவிடாமல் இரவு பகலாகக் காவல் இருந்தனர். வங்கித் துறை வேறு வழியை மேற்கொண்டது. வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் 1983-இல் பேசி உடன்பாடு கண்டன. மறு ஆண்டு ரிசர்வ் வங்கியின் அன்றைய துணை ஆளுநர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு, வங்கிகளை இயந்திரமயமாக்குவதற்கான வழியை வகுத்தது. 1986-இல் புதுதில்லியில் ரயில் முன்பதிவு கணினிமயமானபோது மக்கள் அதன் பயனை நேரில் கண்டனர். இயந்திரம் வந்தது, நிபந்தனையோடு வந்தது. இன்றைய கருவியோ யாரிடமும் கேட்காமல் ஒவ்வொருவர் மேசைக்கும் தனித்தனியே வந்து சேர்ந்துவிட்டது. நிரலாளரின் எதிர்ப்பும் ஆதரவும் தனிமனிதப் புலம்பலாகவும் பாராட்டாகவுமே நின்றுவிட்டன. அவற்றைக் கேட்டுப் பேசி முடிவு காண ஒரு மேசை இல்லை.

அரசின் சொந்த வீட்டிலும் ஒழுங்கு தேவை. அலுவலகக் கணினிகளில் சாட்ஜிபிடி, டீப்சீக் போன்ற கருவிகளைப் பயன்படுத்துவதை அறவே தவிர்க்க வேண்டும் என்று நிதி அமைச்சகம் 2025 ஜனவரி 29 தேதியிட்ட சுற்றறிக்கையில் தன் அலுவலர்களுக்கு உத்தரவிட்டது. அரசுத் தகவல்களின் ரகசியம் காக்கப்பட வேண்டும் என்பது காரணம். சரியான கவலைதான். ஆனால், அரசுக்காக மென்பொருள் எழுதித் தரும் ஒப்பந்த நிறுவனங்களின் நிரலாளர்களும் அதே வகைக் கருவியைப் பயன்படுத்தக்கூடும் அல்லவா? எழுத்தர் அனுப்பும் ஒரு பக்கக் குறிப்புக்கு உள்ள கட்டுப்பாடு, கோடிக்கணக்கானோரின் விவரங்களைக் கையாளும் நிரலுக்கு வேண்டாமா? 2021-இல் புதிய வருமான வரி வலைதளம் தடுமாறியபோது, அதை உருவாக்கிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைவரை நிதி அமைச்சகம் அழைத்து விளக்கம் கேட்டது. நாளை ஒரு தளம் முடங்கி, அந்த வரியை எழுதியது இயந்திரம் என்று விடை வந்தால், யாரை அழைப்பது?

எனவே செய்யவேண்டியவை தெளிவாகவே உள்ளன. அரசு மென்பொருள் ஒப்பந்தங்களில், எந்தெந்தப் பகுதிக்கு இக்கருவி பயன்பட்டது என்பதை அறிவிப்பதும், ஒவ்வொரு பகுதிக்கும் கையொப்பமிட்டுப் பொறுப்பேற்கும் பொறியாளர் ஒருவர் இருப்பதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். அரசின் நிரல் நாட்டுக்கு வெளியே உள்ள கணினிகளுக்குச் செல்லாமலிருக்கவும் வகை செய்ய வேண்டும். பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் எத்தனை புதியவர்களைச் சேர்த்தன என்ற கணக்கு நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும். தகவல் தொழில்நுட்பத்துக்கும் தொழிலாளர் நலனுக்குமான நிலைக்குழுக்கள் நிறுவனத் தலைவர்களை மட்டுமின்றி, நிரலாளர் சங்கங்களையும் மாணவர்களையும் அழைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். 2024 மார்ச்சில் 10,372 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் பெற்ற இந்திய செயற்கை நுண்ணறிவு இயக்கத்தின் நிதியில் ஒரு பகுதி, புதிய பட்டதாரிகளை மூத்த பொறியாளரின் கீழ்ப் பயிற்றுவிக்கும் நிறுவனங்களுக்குச் செல்லலாம். இன்று தொடக்கநிலையில் ஒருவரும் சேரவில்லையெனில், பத்தாண்டு கழித்து இயந்திரத்தின் பிழையைக் கண்டுபிடிக்க மூத்தவர் எங்கிருந்து வருவார்?

கல்லூரிகளுக்கும் இதில் கடமை உண்டு. நிரலை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதும் முறைக்கு இனிப் பொருளில்லை. பிறர் எழுதிய நிரலைப் படித்துப் பிழை காணும் ஆற்றலையே தேர்வு சோதிக்க வேண்டும். பயிற்சி நிலையத்தில் பணம் கட்டுமுன் பெற்றோர் கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான்.

கருவி வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. அதை விற்பவர், வாங்குபவர், அதன் பயனைப் பெறுபவர் ஆகிய அனைவருக்கும் குரல் இருக்கிறது. அதற்குப் பாடம் சொல்லித் தந்தவருக்கும், அதனால் வேலை இழக்கக்கூடியவருக்கும் குரல் இல்லை. அந்தக் குரலைக் கேட்பதற்கென்றே நாடாளுமன்றம் இருக்கிறது. வங்கிக் கணினிகளுக்கு 1983-இல் போட முடிந்த மேசையை இன்றும் போட முடியும். அதற்கு அரசு மனம் வைக்க வேண்டும்.