பத்திரம் இல்லாத என்ஜின்

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலை ரவாங் பட்டணத்தில், வழக்கமாகப் போகும் மாமாக் கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தேன். வெளியே நிறுத்தியிருந்த என் காரை ஒரு தம்பி சுற்றிச் சுற்றிப் பார்ப்பது தெரிந்தது. 1995-ஆம் ஆண்டுக் கஞ்சில் அது. இந்தக் காலத்தில் கஞ்சிலைப் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பானெட்டின் மேல் காற்று உள்ளே போக ஒரு வாய் இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

“அண்ணே, டர்போவா?” என்று கேட்டபடி எதிரில் வந்து உட்கார்ந்தார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகிறதாம். தாத்தாவின் கஞ்சில் வீட்டில் சும்மா நிற்கிறதாம். “நானும் டர்போ என்ஜின் போடலாம்னு இருக்கேண்ணே. காசு சேர்த்துட்டேன். எந்தக் கடையில வாங்கலாம்?”

கடை பெயரைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் ஒரு மணி நேரம் பேசினேன். அவரிடம் சொன்னதை இந்த வாரம் இங்கே எழுதுகிறேன். இந்த ஆசை அவர் ஒருவருக்கு மட்டும் வந்ததில்லை என்பது எனக்குத் தெரியும்.

கஞ்சில் நம் ஊர்க் கார். ரவாங்கை அடுத்த சுங்கை சோவில் உள்ள பெரோடுவா தொழிற்சாலையிலிருந்து 1994 ஆகஸ்டில் அது வெளிவந்தது. அதுவரை கப்சாய் மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் முதல் கார். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அப்பா ஓட்ட, முன்னால் தங்கை, நடுவில் நான், பின்னால் அம்மா என்று மழையில் நனைந்துகொண்டே போன காலம் அது. தோட்டத்தை விட்டு வெளியேறி, பாக்டரி வேலைக்குச் சேர்ந்து, அப்பா தவணையில் வாங்கிய கஞ்சில் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று அம்மா எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டார்.

இந்தக் காரின் அடித்தளம் ஜப்பானின் டைஹாட்சு மீரா. ஜப்பானில் சிறிய கார்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. 1990 முதல் அதன் வரம்பு 660 சிசி. அந்த வரம்புக்குள் யார் அதிகச் சக்தி எடுப்பது என்று நிறுவனங்கள் போட்டி போட்டதில், 64 குதிரைத்திறனுக்கு மேல் போவதில்லை என்று அவர்களே தங்களுக்குள் ஓர் எல்லை வகுத்துக்கொண்டார்கள். மீராவிலும் டர்போ பொருத்திய ஒரு வகை அந்த 64-ஐத் தொட்டது. நம் கஞ்சிலின் 660 சிசி என்ஜினோ சுமார் 30 குதிரைத்திறன்தான் தரும். இரண்டும் மூன்று சிலிண்டர், இரண்டும் 659 சிசி, உடலும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே ஜப்பானில் கழித்துக்கட்டிய மீரா டர்போவின் முன்பாதியை வெட்டி ‘ஹாஃப்கட்’டாகக் கொண்டுவந்தால், அதன் என்ஜின் கஞ்சிலுக்குள் பெரிய சிரமமின்றி உட்கார்ந்துவிடும். 700 கிலோகூட இல்லாத ஒரு காருக்கு இரண்டு மடங்குச் சக்தி. ஒரு முறை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிரிப்பு முகத்தை விட்டுப் போகாது.

எனக்கும் போகவில்லை. 2009-இல் அப்பாவின் கஞ்சிலை அவரிடம் கெஞ்சி வாங்கி, கிள்ளான் பக்கம் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்த ஹாஃப்கட்டிலிருந்து என்ஜினையும் கியர்பாக்ஸையும் மாற்றினேன். பணம் அத்தோடு தீர்ந்தது. மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த ‘மற்றதெல்லாம்’ ஒவ்வொன்றாக என்னைத் தேடி வந்தது.

முதலில் வந்தது பெட்ரோல் வாசனை. பழைய கஞ்சில் கார்புரேட்டர் வண்டி. அதன் குழாய்களில் பெட்ரோல் மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் ஓடும். டர்போ என்ஜினில் பெட்ரோலை ஊசிவழியாகப் பீய்ச்ச வேண்டும். அதற்கு அழுத்தம் பல மடங்கு தேவை. தொட்டியில் வேறு பம்ப், அந்த அழுத்தத்தைத் தாங்கும் ஹோஸ், மீதிப் பெட்ரோல் திரும்பிப் போக இன்னொரு குழாய், எல்லாமே வேண்டும். என் வண்டியில் பம்ப் புதிது, ஹோஸ் பதினான்கு வருடப் பழசு. சூடான டர்போவுக்கு ஒரு சாண் தள்ளி அது கசிந்துகொண்டிருந்தது. ரவாங்கில் ஒரு பட்டறைத் தவுக்கே பானெட்டைத் திறந்தவர் உடனே சாவியைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “இது மாத்துறவரைக்கும் நீ நடந்து போ” என்றார்.

அடுத்து வந்தது பிரேக். ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவைத்து பத்துமலைக்குப் போனேன். ரவாங்கிலிருந்து செலாயாங் போகும் பழைய சாலையில், டெம்ப்ளர் பூங்கா அருகே இறக்கம். முன்னால் ஒரு லாரி மெதுவாகப் போனது. இரண்டு மூன்று முறை அழுத்திப் பிடித்ததும் பிரேக் சூடேறிவிட்டது. நான்காவது முறை பெடல் அடிவரை இறங்கியது, வண்டி நிற்கவில்லை. கியரை இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து, ஓரத்துப் புல்லில் ஏற்றி நிறுத்தினேன். அம்மா ஒன்றுமே சொல்லவில்லை. சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும், “நான் பஸ்ல போறேன்பா” என்றார். போனார். அதற்குப் பிறகு ஓராண்டு அந்தக் காரில் அவர் ஏறவே இல்லை.

தப்பு காரிடம் இல்லை. கஞ்சிலின் சின்ன முன் டிஸ்க்கும் பின் டிரம்மும் 30 குதிரைத்திறனுக்காக அளவெடுத்துச் செய்தவை. நான் அதன் மேல் இரண்டு மடங்கு ஏற்றிவிட்டு, நிறுத்தும் வேலையை மட்டும் பழைய சம்பளத்துக்கே செய்யச் சொன்னேன்.

இந்த வகைக் கார்களின் கதையைப் படித்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். 1959-இல் வந்த பிரிட்டனின் மினி, 848 சிசி. கஞ்சிலைப் போலவே ஏழை எளியவர்களுக்கான வண்டி. பந்தயக் கார்கள் செய்த ஜான் கூப்பர் அதில் 997 சிசி என்ஜினை வைத்து 55 குதிரைத்திறனாக்கி, 1961-இல் மினி கூப்பர் வெளிவந்தது. அதே வண்டியில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் வந்தது. சாதாரண மினியில் அப்போது நான்கு சக்கரத்துக்கும் டிரம்தான். பிறகு அந்த வரிசைக் கார்கள் 1964, 1965, 1967 ஆண்டுகளில் மாண்டி கார்லோ ராலியை வென்றன. 1976-இல் விற்பனைக்கு வந்த கோல்ஃப் ஜிடிஐயும் அப்படியே. 110 குதிரைத்திறன் கொடுத்தவர்கள் பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் சேர்த்தே மாற்றினார்கள். நாம் பட்டறையில் செய்யும்போது மட்டும் என்ஜினோடு நிறுத்திக்கொள்கிறோம். ஏனென்றால் நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட பிரேக்கில் ஒன்றும் இல்லை.

பிரேக்கை மாற்றினேன். டயரையும் மாற்றினேன். இனி எல்லாம் சரி என்று மூன்று ஆண்டுகள் ஓட்டினேன். பெரிய அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது.

2012-இல் அப்பா வேலை ஓய்வு பெற்றார். கார் அவர் பெயரில்தான் இருந்தது. “இனி நீயே வச்சுக்க, பேர் மாத்திடு” என்றார். பெயர் மாற்றத்துக்காக புஸ்பாகோம் சோதனைக்குக் கொண்டுபோனோம். சோதனை அதிகாரி சேசிஸ் எண்ணைப் பார்த்தார், சரி. என்ஜின் எண்ணைப் பார்த்தார். கெரானைப் பார்த்தார். மறுபடி என்ஜினைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுத் தாளில் எழுதிக் கையில் கொடுத்தார். தோல்வி.

இங்கேதான் நம் இளைஞர்கள் பலர் ஏமாந்துபோகிறார்கள். நானும் ஏமாந்தேன். என்ஜின் அதே 659 சிசி, சாலை வரி அதே 20 ரிங்கிட், அப்புறம் எதற்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கெரானில் இருப்பது சிசி மட்டும் இல்லை. என்ஜின் எண்ணும் இருக்கிறது. என்ஜினை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும், சோதனையில் தேற வேண்டும், கெரானில் புதிய எண் ஏற வேண்டும். அதற்கு என்ஜினை வாங்கிய ரசீதும், அது முறைப்படி இறக்குமதியானது என்று காட்டும் சுங்கத் தாளும் கேட்பார்கள். என்னிடம் இருந்தது கையால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. கடைக்குப் போனேன். “அப்ப மலிவா வேணும்னு கேட்டீங்க, மலிவா கொடுத்தோம். இப்ப பேப்பர் கேட்டா எங்க போறது?” என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் பாதி நியாயம் இருந்தது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கெரானை மூக்குக் கண்ணாடி போட்டு நெடுநேரம் படித்தார்.

“பத்திரம் இல்லாம இந்த நாட்டுல ஒருத்தன் படுற பாடு எனக்குத் தெரியும்யா. உன் தாத்தா சாகுற வரைக்கும் சிவப்பு ஐசிதான். எனக்கு நீல ஐசி கிடைக்க எத்தனை ஆபீஸ் ஏறி இறங்கினேன்னு உங்கம்மாவைக் கேளு. பொறந்தது இங்க, வேலை செஞ்சது இங்க, ஆனா காட்ட ஒரு தாள் இல்ல. நீ என்னடான்னா காசு கொடுத்து, தாள் இல்லாத ஒண்ண வீட்டுக்குள்ள கொண்டு வந்திருக்க.”

அந்தப் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை. அதைவிட அதிகமாக என்னை உறுத்தியது இன்னொன்று. மூன்று ஆண்டுகளாக நான் ஓட்டிய அந்த வண்டி அப்பாவின் பெயரில் இருந்தது. செய்தது நான் என்றாலும், இலாகா பதிவில் உரிமையாளர் அவர். காப்புறுதியும் அவர் பெயரில். வண்டியில் செய்த மாற்றத்தைத் தெரிவிக்காவிட்டால் இழப்பீட்டை மறுக்க காப்புறுதி நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடும். டெம்ப்ளர் பூங்கா இறக்கத்தில் அன்று அந்த லாரியில் மோதியிருந்தால், வாழ்நாள் முழுக்க ஒரு தாளையும் தவறவிடாத மனிதர் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

என்ஜினை இறக்கினேன். பழைய என்ஜினை எப்போதோ இரும்புக்கடையில் போட்டாகிவிட்டது. வண்டி ஏழு மாதம் போர்ச்சில் தார்ப்பாயின் கீழ் நின்றது. ரசீதும் சுங்கத் தாளும் உள்ள இன்னொரு மீரா என்ஜினைத் தேடிப் பிடித்து, இந்த முறை முதலில் இலாகாவின் அனுமதி, பிறகு பட்டறை, பிறகு சோதனை என்று வரிசையாகச் செய்தேன். முதலில் மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு மடங்கு செலவானது. புதிய எண்ணோடு கெரான் கைக்கு வந்த அன்று அப்பா அதை வாங்கி, எண்ணை என்ஜினோடு அவரே ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகுதான் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். “சரி, எப்படித்தான் போகுதுன்னு பார்ப்போம்” என்றார். அம்மாவும் பின்னால் ஏறினார்.

கஞ்சில் இல்லை, மைவிதான் வைத்திருக்கிறேன் என்பவர்களுக்கும் இது பொருந்தும். 2005-இல் வந்த முதல் மைவி 1.3-க்கு, அதே குடும்பத்தைச் சேர்ந்த 140 குதிரைத்திறன் டர்போ என்ஜினைப் போடுவது இங்கே பரவலாக நடக்கிறது. அங்கும் அதே 1,298 சிசி, அதே 70 ரிங்கிட் சாலை வரி, அதே ஏமாற்றம். என்ஜின் விலையைக் கேட்கும் முன் அதன் தாள்களைக் கேளுங்கள். என்ஜின் எண்ணைத் தாளோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். கையில் உள்ள பணத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை பிரேக், டயர், பெட்ரோல் குழாய், அனுமதிச் செலவு என்று ஒதுக்கிவிட்டு மறுபாதிக்குள் என்ஜின் கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் இன்னும் ஆறு மாதம் சேமியுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். கார் அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால், அவரிடம் சொல்லாமல் ஸ்பேனரைத் தொடாதீர்கள்.

வேகம் வேண்டும் என்றால் அதற்கு இடம் இருக்கிறது. கோயம்புத்தூரின் கரிவரதன், மாருதி 800-இன் மூன்று சிலிண்டர் என்ஜினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்தார். ‘ஃபார்முலா மாருதி’ என்று அதற்குப் பெயர். அந்தக் கார்களில் ஆரம்ப காலத்தில் ஓட்டியவர்களில் ஒருவரான நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்துக்காக நம் செப்பாங்குக்கே வந்தார். வீட்டுக் காரின் என்ஜின்தான், ஆனால் ஓடியது பந்தயத் தடத்தில். நமக்கும் செப்பாங் ரவாங்கிலிருந்து எட்டாத தூரத்தில் இல்லை.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். “அப்போ போட வேணாங்கிறீங்களாண்ணே?” என்றார்.

“போடுங்க. ஆனா இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் தாத்தாகிட்ட கெரானை வாங்கிப் படிங்க. அதில் என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியாது என்றார். கடை பெயரை எழுதிக் கொடுத்தேன். எழுதிய தாளின் பின்பக்கத்தில், கேட்டு வாங்க வேண்டிய தாள்களின் பட்டியலையும் எழுதினேன்.