வள்ளல் தயவா, வரிச் சட்டமா?

கோடீஸ்வரர் ஒருவர் மருத்துவமனைக்குக் கட்டடம் கட்டித் தருகிறார். உடனே கல்வெட்டு, மாலை, பாராட்டு மடல்! "எவ்வளவு பெரிய மனம்!" என்று வியக்கிறார்கள். மனம் பெரிதாகவே இருக்கட்டும். பணம் எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்கிறோம். கேட்கக் கூடாதா?

வள்ளல்களுக்கெல்லாம் முன்மாதிரியாகக் காட்டப்படுபவர் அமெரிக்க உருக்கு முதலாளி ஆண்ட்ரூ கார்னகி. நெசவாளியின் மகன், சிறுவயதில் பஞ்சாலையில் கூலி வேலை பார்த்தவர். செல்வத்தைக் குவித்து வைத்தபடியே சாவது இழிவு என்று 1889இல் கட்டுரை எழுதினார். சொன்னபடியே சுமார் 35 கோடி டாலரை அறப்பணிகளுக்கு அளித்தார். 2,500க்கும் மேற்பட்ட நூலகங்கள் அவர் பணத்தில் எழுந்தன. இதை நாம் மறைக்கவில்லை. நூலகம் திறந்ததைப் பழிக்கவும் இல்லை.

ஆனால் கட்டுரை எழுதிய மூன்றாம் ஆண்டில், 1892இல், பென்சில்வேனியாவின் ஹோம்ஸ்டெட் ஊரில் இருந்த அவரது உருக்காலையில் நடந்தது என்ன? கூலியைக் குறைக்க முனைந்தது நிர்வாகம். சங்கம் மறுத்தது. கதவடைப்பு! ஜூலை 6ஆம் நாள், துப்பாக்கி ஏந்திய 300 கூலிப்படையினர் படகுகளில் வந்தனர். தொழிலாளர் எதிர்த்து நின்றனர். இரு தரப்பிலும் உயிர்கள் பலியாயின. பின்னர் அரசின் படை வந்தது, சங்கம் நொறுங்கியது. முதலாளியோ ஸ்காட்லாந்தில் ஓய்வில் இருந்தார்!

1898இல் அந்தத் தொழிலாளருக்கென்றே ஒரு நூலகம் திறக்கப்பட்டது. 12 மணி நேரம் உலையின் முன் வெந்தவன் எந்த நேரத்தில் புத்தகத்தைத் தொடுவான்? அவன் கேட்டது கூலி, கிடைத்தது கொடை. கூலியைப் பிடித்து வைத்தவரே, அதை எதற்குச் செலவிடுவது என்றும் முடிவு செய்தார். நம் வழக்கு இதுதான்.

வேடிக்கையைக் கேளுங்கள். பெருஞ்செல்வர் இறந்தபின் அவர் சொத்தில் பெரும்பங்கை அரசு வரியாக எடுக்க வேண்டும் என்று அதே கட்டுரையில் வாதிட்டவரும் கார்னகிதான்! நம் நாட்டுச் சீமான்கள் அவர் கொடையைப் புகழ்வார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் புரட்ட மாட்டார்கள்.

இங்கே 1953இல் எஸ்டேட் டூட்டி எனும் வாரிசுச் சொத்து வரி வந்தது, 1985இல் போயிற்று. 1957இல் செல்வ வரி வந்தது. 2015 வரவு-செலவுத் திட்டத்தில் அதற்கும் முடிவு கட்டினார்கள். வசூல் குறைவு, செலவு அதிகம் என்றார்கள். பானை ஒழுகினால் ஓட்டையை அடைப்பதா, பானையையே உடைப்பதா? 2019இல், மற்ற சலுகைகளைக் கைவிடும் கம்பெனிகளுக்கு வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைந்தது. சோப்பு வாங்கும் கூலிக்காரனோ இன்றும் கடையிலேயே வரி கட்டுகிறான். அவனுக்கு யார் மாலை போட்டார்கள்?

தோழர்களே! முதலாளி மனமிரங்கினால் மருத்துவமனை, இரங்காவிட்டால் சுடுகாடு என்று ஏழையின் வாழ்வு இருக்கலாமா? எஸ்டேட் டூட்டியும் செல்வ வரியும் ஓட்டையின்றி மீண்டும் வரவேண்டும். அந்தப் பணம் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போகவேண்டும். இதை ஆலை வாயிலில் பேசுங்கள், தெருமுனையில் பேசுங்கள். நாம் கேட்பது தருமம் அல்ல, பங்கு!