மீன் தொட்டியில் கழிவது திருஷ்டி அல்ல

எங்கள் தேவதானப்பட்டியில் இப்போது தெருவுக்கு இரண்டு வீட்டிலாவது கண்ணாடி மீன் தொட்டி இருக்கிறது. முன்பு பிளாஸ்டிக் செடி வைப்பார்கள். இப்போது நிஜச் செடி, மரக்கட்டை, மலைக்கல் என்று ஒரு குட்டிக் காடே வைக்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் மீன் செத்தால் சொல்கிற காரணங்களைக் கேட்டால்தான் எனக்கு எரிச்சல் வருகிறது.

காரணங்கள் மூன்று. "வீட்டுக்கு வந்த கண்டத்தை மீன் வாங்கிக்கிச்சு." "அதுக்கு ஆயுசே அவ்வளவுதான்." மூன்றாவது கடைக்காரர் சொல்வது: "தண்ணி சேரலை சார்." எதைச் சொன்னாலும் முடிவு ஒன்றுதான். மறுநாள் புது மீன் வாங்கிவந்து விடுவோம்.

இவை காரணங்களே அல்ல. காரணத்தைத் தேடாமல் தப்பிக்க நாம் வைத்திருக்கும் சாக்குகள்.

முதலில் கண்டம். நான் நாத்திகன் அல்ல. மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலில் அடைத்த கதவுக்கு நடக்கும் பூஜையில் கைகூப்பி நிற்கிறவன்தான். ஆனால் 'வாஸ்து மீன்' என்று விற்கிறார்களே, அதை யோசித்துப் பாருங்கள். நெற்றி புடைத்த ஃப்ளவர்ஹார்ன் என்ற மீன் 1990களில் மலேசியாவில் பல மீன்களைக் கலந்து உருவாக்கியது. நம் தாத்தா காலத்தில் உலகத்திலேயே இல்லாத மீன், நம் வாஸ்துவில் எப்படி வந்தது? செத்தாலும் நல்லது என்று சொல்லி விற்க முடிகிற சரக்கு இது ஒன்றுதான்.

இரண்டாவது, ஆயுசு. இங்கிலாந்தில் டிஷ் என்று ஒரு தங்கமீன். 1956இல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்தது. 1999இல்தான் இறந்தது. 43 வருஷம்! அது சாதனை என்றே வைத்துக்கொள்வோம். ஒழுங்காக வைத்தால் தங்கமீன் சாதாரணமாகவே பத்து வருஷம் இருக்கும். நம் வீட்டில் மூன்று மாதத்தில் சாகிறது என்றால் அதை எப்படி ஆயுசு என்பது?

மூன்றாவது பதிலில் பாதி உண்மை உண்டு. கோளாறு பெரும்பாலும் தண்ணீரில்தான். ஆனால் தண்ணீரில் என்ன கோளாறு? வயிற்றுவலி என்று போனால், "உடம்பு சரியில்லை" என்று சொல்லி ஃபீஸ் வாங்குகிற வைத்தியரிடம் மறுபடி போவோமா?

எங்கள் தெருவில் நடந்ததையே சொல்கிறேன். ஒரு வீட்டில் மூன்றடித் தொட்டி. செடிகள் செழிப்பாக இருந்தன, தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவு. ஆனாலும் கப்பியும் டெட்ராவும் ஒவ்வொன்றாகச் செத்தன. "என்னைக்குச் சாகுது தம்பி?" என்று கேட்டேன். வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. "தினக் காலண்டர்ல ராகுகாலம் பாக்குறீங்கள்ல, அதுலயே மீன் சாகுற நாளையும் குறிச்சு வைங்க" என்றேன்.

மூன்று வாரத்தில் விஷயம் வெளியே வந்தது. எல்லாச் சாவும் ஞாயிறு இரவிலிருந்து செவ்வாய்க்குள். ஞாயிற்றுக்கிழமைதான் தொட்டி கழுவும் நாள். குழாய்த் தண்ணீரைப் பிடித்து அப்படியே ஊற்றுகிறார்கள். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீர் அது. குடிநீரில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர அளவு. நமக்கு அது பாதுகாப்பு. மீனின் செவுளுக்கு அந்த அளவே ஆபத்து.

போதாததற்கு ஃபில்டர் பஞ்சையும் அதே குழாயில் பிழிந்து 'சுத்தமாக' கழுவியிருக்கிறார்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கிறது. புதுத் தொட்டியில் அது வளரவே நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதைக் குளோரினால் கொன்றுவிட்டால் அம்மோனியா ஏறும். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும்.

வைத்தியம் சுலபம். தண்ணீரை அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைப்பது. தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாமல் இருப்பது. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுவது. அவசரமென்றால் அந்தக் காலத்து போட்டோ ஸ்டுடியோக்களில் இருந்த ஹைப்போ, அதில் ஓரிரு மணி போதும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கண்டத்தை வாங்கிக்கொள்ள எந்த மீனும் முன்வரவில்லை.

எல்லா வீட்டிலும் இதே காரணம்தான் என்று சொல்லவில்லை. விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடி, வெயில் ஏறியதும் சரியாகிவிட்டால் அது மூச்சுத்திணறல். செடி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். செடிக்காக கரியமில வாயு சிலிண்டர் வைத்தவர்கள் இரவில் அதை மூட வேண்டும், காற்று மோட்டாரைப் போட வேண்டும். செத்த மீனின் செவுள் காபிப்பொடி நிறமாக இருந்தால் நைட்ரைட்டைச் சந்தேகிக்கலாம். கொசு மருந்து அடித்த அறையாக இருந்தாலோ, திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்த கையைத் தொட்டிக்குள் விட்டிருந்தாலோ, அதையும் கேட்க வேண்டும். அம்மோனியாவைச் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் பரிசோதனைப் பெட்டியும் விற்கிறார்கள்.

"இருபது ரூபாய் மீனுக்கு இத்தனை பாடா?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் இருபது ரூபாயைப் பற்றிப் பேசவில்லை. கோடையில் கண்மாயில் மீன் மிதந்தால் விசாரிக்கும் முன்பே, "எவனோ மருந்தக் கலந்துட்டான்" என்று பகையாளி வீட்டுக்குக் கை நீட்டுகிறோம். மருந்தாகவும் இருக்கலாம். ஆனால் கழிவு சேர்ந்து பாசி மண்டிய நீரில் விடியலுக்கு முன் ஆக்சிஜன் தீர்ந்துபோனாலும் கூட்டமாகத்தான் சாகும். 2016 மார்ச்சில் பெங்களூர் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் மிதந்தன. கழிவுநீர் கலந்து ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்றார்கள். வீட்டுத் தொட்டியில் விசாரிக்கப் பழகாதவர்கள் கண்மாய்க்கரையில் மட்டும் விசாரித்துவிடுவார்களா?

இன்னொன்று, நம் வயதுக்காரர்களுக்கு. தொட்டியின் முன்னால் நின்று "தாத்தா, ஏன் செத்துச்சு?" என்று கேட்கிற பிள்ளையிடம், "நமக்கு வந்தத அது வாங்கிக்கிச்சு" என்று சொல்லி அனுப்பாதீர்கள். கேள்வி கேட்கிற பழக்கம் அந்த இடத்திலேயே செத்துப்போகும். "தெரியலப்பா, வா பாப்போம். எப்பத் தண்ணி மாத்துனாங்க?" என்று கேளுங்கள். காரணம் தெரியும்வரை அடுத்த மீன் வாங்காதீர்கள்.