வெள்ளையடிக்கும் முன் தளத்தின் மேல் ஏறிப் பாருங்கள்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது. அப்படியொரு மழை பழைய தொகுப்பு வீட்டின் தளத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று அதில் குடியிருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். முதலில் ஈரம் பூக்கும், பிறகு சொட்டும். மழை விட்டுச் சில மாதம் கழித்து, ஒருநாள் காரை பெயர்ந்து விழும். உள்ளேயிருந்து துருவேறிய கம்பி தெரியும்.

திண்டிவனம் பக்கத்துப் பெருமுக்கல் சுற்றுவட்டாரத்தில் மட்டுமல்ல, தமிழ்நாட்டுக் கிராமங்கள் எங்கும் இந்த வீடுகள் இருக்கின்றன. 1985இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டத்திலும் பிற அரசுத் திட்டங்களிலும் கட்டப்பட்டவை. வீட்டுக்காரர் முன்னால் மூன்று வழிகள்: பூசி வெள்ளையடிப்பது, பழுது பார்ப்பது, இடித்துக் கட்டுவது. பெரும்பாலும் நடப்பது முதலாவதுதான். பொங்கலுக்கு முன் கொத்தனார் வந்து பெயர்ந்த இடத்தில் சிமென்ட் அப்பி, மேலே சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போகிறார். வீடு பளிச்சென்று ஆகிவிடுகிறது. உள்ளே துரு நிற்பதில்லை.

காரணம் எளிது. நல்ல கான்கிரீட்டில் உள்ள காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கும். கம்பிக்குக் கீழே கலவை மெலிதாக இருந்தாலோ, தளத்தில் நீர் தேங்கினாலோ, காற்றும் ஈரமும் உள்ளே போய் அந்தக் காப்பு போய்விடும். மரக்காணம் உப்பளப் பக்கம் என்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் காரை பிளக்கிறது. மேலே நீர் இறங்கும் வழியை அடைக்காமல் கீழே பூசும் ஒவ்வொரு பூச்சும் வீண் செலவு. அதைவிட மோசம், ஆபத்தை அது கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

அமெரிக்காவில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மரச் சட்ட வீடுகளின் வெளிச்சுவருக்கு அலுமினியத் தகடு போர்த்தினார்கள். இன்று அந்தத் தகடு நிறம் மங்கி, தொட்டால் மாவு ஒட்டும் நிலையில் இருக்கும்போது அவர்களுக்கும் பூசுவதா, பழுது பார்ப்பதா, மாற்றுவதா என்ற இதே கேள்விதான். தகடு நல்ல நிலையில் இருந்தால் கழுவிப் புது வண்ணம் அடித்தால் போதும். நசுங்கிய பலகையை மட்டும் மாற்றலாம். அடியில் மரம் ஈரம் குடித்து உளுத்திருந்தால் எந்த வண்ணமும் உதவாது. தகடானாலும் தளமானாலும் முடிவைச் சொல்ல வேண்டியது உள்ளிருக்கும் பொருள்.

தளத்தைச் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தால் கெட்ட இடம் பொள்ளலாகச் சத்தம் கொடுக்கும். அங்கங்கே மட்டும் அப்படி என்றால், அந்தக் காரையைக் கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, கம்பிக்குத் துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். கம்பி மெலிந்திருந்தால் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். துருவைத் தடுக்கும் ஆராய்ச்சியும் நடக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியில் இருக்கிறது. அதன் அறிவு ஊராட்சி அளவிலான கொத்தனார்களைச் சேர வேண்டும். இந்த வேலையோடு மேல்தளத்தின் நீர்க்காப்பு அடுக்கான சுருக்கியையும் புதிதாகப் போட்டு, நீர் வடிய வாட்டம் கொடுக்க வேண்டும். தளம் முழுக்கப் பொள்ளலாகி, தொய்ந்து, கம்பி நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டால் பழுது பார்ப்பது பணத்தைக் கிணற்றில் போடுவது.

தமிழ்நாடு அரசும் இரண்டு வழிகளைத் திறந்திருக்கிறது. 2001க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய இரண்டரை லட்சம் ஊரக வீடுகளை 2,000 கோடி ரூபாயில் பழுது பார்க்க 2024இல் அறிவிப்பு வந்தது. பழுது நீக்க முடியாதவற்றுக்குப் பதிலாக 25,000 புது வீடுகளுக்கு 2025-26இல் 600 கோடி ஒதுக்கப்பட்டது. கணக்குப் போட்டால் முன்னதில் வீட்டுக்குச் சராசரி 80,000 ரூபாய், பின்னதில் 2,40,000. இந்த இடைவெளி எல்லோரையும் ‘இடித்துக் கட்டலாம்’ பக்கம் இழுக்கும். ஆனால் இடிக்கும் குடும்பம் மாதக்கணக்கில் எங்கே தங்கும்? மானியத்துக்கு மேல் ஆகும் செலவை யார் தருவார்? அடித்தளமும் சுவரும் உறுதியாக உள்ள வீட்டை இடிப்பது அந்தக் குடும்பத்தைக் கடனில் தள்ளுவது. மறுபுறம், இடிந்து விழப்போகும் வீட்டுக்குப் பழுது நிதி கொடுப்பது உயிரோடு விளையாடுவது. எனவே பொறியாளர் வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டு போனால் போதாது. ஏணி வைத்து மேலே ஏறி, தளத்தைத் தட்டிப் பார்த்து, ஏன் பழுது, ஏன் இடிப்பு என்பதைத் தமிழில் எழுதி வீட்டுக்காரர் கையில் தர வேண்டும்.

இந்தப் பரிசோதனையைக் கோடையில் மட்டும் செய்தால் முழுப் பயன் கிடைக்காது. வெயிலில் ஒழுகும் தளமும் ஒழுகாத தளமும் ஒன்றுபோலவே தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பார்த்துக் குறித்துக்கொண்டு, ஜனவரி 26 கிராம சபையில் பட்டியலைக் காரணத்தோடு வாசித்து, மாசியில் வேலையைத் தொடங்கினால், அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் தளம் காய்ந்து நிற்க நேரம் இருக்கும்.