அறுந்தது ஓர் இழை, அழிப்பதோ ஆலையை!

இராசபாளையத்து நூற்பாலையில் கதிரொன்றில் இழை அறுந்தால், தொழிலாளர் அதனைப் பிடித்து இணைத்துவிட்டு அடுத்த கதிருக்குச் செல்வார். இழை அறுந்ததற்காகப் பொறியையே பெயர்த்தெறிவாருண்டோ? ஆனால் கணினியில் நாள்தோறும் அதுவே நடக்கின்றது! முகப்புத்திரையில் பட்டை காணவில்லையா, படவுருக்கள் மறைந்தனவா, உடனே வட்டு முழுவதையும் துடைத்து இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவதே பழுதுபார்த்தல் என்றாகிவிட்டது.

2011இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசுடன் 'பாசு' என்னும் இலினக்சும் இணைத்தே வழங்கப்பட்டது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நடுவம் உருவாக்கிய அவ்வியங்குதளத்தில் திரைச்சொற்களைத் தமிழிலேயே காணலாம். அத்தகைய பொறியைத் துடைத்து ஆங்கிலம் மட்டுமே பேசும் ஒன்றை நிறுவுவோர், மாணவர் ஓராண்டாக எழுதிச் சேர்த்த பாடங்களையும் தமிழ்த்திரையையும் ஒருசேர அழிக்கின்றனர். அதற்குக் கூலியும் பெறுகின்றனர்.

உண்மையில் கெட்டது எது? இலினக்சில் ஒவ்வொருவரின் விருப்ப அமைவுகளும் அவரவர் இல்ல அடைவில், புள்ளியில் தொடங்கும் பெயருடைய மறைகோப்புகளிலும் மறையடைவுகளிலும் உறைகின்றன. எழுதும் நடுவே மின்கலம் தீர்ந்தாலோ வட்டு நிரம்பினாலோ அக்கோப்பு சிதையலாம். ஆய்ந்தறிவதும் எளிதே. புதிய பயனர் ஒருவரை உருவாக்கி அவர் பெயரில் நுழைந்து பார்த்தல் வேண்டும். அங்குத் திரை செவ்வையாக இருப்பின் இயங்குதளம் நலமே. பழுது பழைய பயனரின் அமைவுக்கோப்பில்தான்.

அவ்வாறாயின், கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்தழுத்தி எழுத்துத்திரைக்குச் செல்க. வட்டில் இடமுண்டா என முதலிற் காண்க. இடமின்றேல் வேறெதைச் செய்தும் பயனில்லை. அடுத்து, கோப்புகளின் உரிமை தலைமைப் பயனர்க்கு மாறியுள்ளதா எனப் பார்க்க. தலைமைப் பயனர் உரிமையில் செயலிகளைத் திறந்து பழகியோர்க்கு இது நேர்வதுண்டு. உரிமையை மீட்டாலே போதும். அதன் பின்னும் தீராவிடில், குனோம் 3 திரையாயின், மறைந்துள்ள 'கான்பிக்' அடைவினுள் 'டிகான்பு' அடைவிலிருக்கும் 'யூசர்' என்னும் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு மீண்டும் நுழைக. அழித்தல் வேண்டா, பெயர்மாற்றமே போதும். இயங்குதளம் புதுக்கோப்பொன்றைத் தானே எழுதிக்கொள்ளும்.

இழப்பே இல்லையென்று கூறுவதற்கில்லை. பின்னணிப் படம், பட்டையின் ஒழுங்கு, தமிழ்99 விசைப்பலகைத் தேர்வு ஆகியவற்றை மறுபடியும் அமைக்க வேண்டியிருக்கும். கட்டுரைகளும் கணக்குகளும் படங்களும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பழுதுபார்ப்போரை மட்டும் கடிவதும் முறையன்று. துடைப்பதற்கு அரைமணி, ஆய்வதற்குப் பொறுமை. வாடிக்கையாளரோ வாயிலிலேயே காத்து நிற்கின்றார். அன்றியும், இவ்வழிமுறை அவர்க்குத் தமிழில் எழுதித் தரப்படவுமில்லை. திருவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் கணினி கற்பிக்கும் பள்ளிகள் இவ்வழிமுறையை ஒரு தாளில் அச்சிட்டுக் கணினி அறைச் சுவரில் ஒட்டட்டும். நல்ல நிலையிலுள்ள அமைவுகளைத் திங்களுக்கொரு முறை படியெடுத்து வைக்கும் கட்டளையையும் அதன் அடியில் சேர்க்கட்டும்.